ஐஸ்கிரீம் பெட்டியில் உறைந்துபோன ஃப்ளூ தடுப்பூசிகள்

அனுப்புநர்:
முதல் தளம், ஏழாம் எண் வீட்டில் குடியிருப்பவர்,
தொலைபேசி நிலைய மேற்பார்வையாளர் (ஓய்வு).

பெறுநர்:
உயர்திரு நகர சுகாதார அலுவலர் அவர்கள்,
நகர சுகாதார அலுவலகம்.

பொருள்: எங்கள் குடியிருப்பில் சென்ற மாதம் போடப்பட்ட பருவகால ஃப்ளூ தடுப்பூசி மருந்து, போடுவதற்கு முந்தைய இரவு உறைந்து கெட்டது – அந்த ஊசியைச் செல்லாததாக அறிவித்து மறுபடியும் போடக் கோருதல் – என் மகனுக்கு உடனடியாகப் போடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எழுபது வயதைக் கடந்த விதவை. இதுவரை எந்த அலுவலகத்துக்கும் புகார் எழுதியதில்லை. தண்ணீர் வராத நாட்களில் வாளி தூக்கியிருக்கிறேன். லிஃப்ட் ஓடாத மாதங்களில் கைப்பிடியைப் பிடித்துப் படியேறியிருக்கிறேன். யாரையும் குறை சொன்னதில்லை. இப்போது எழுதக் காரணம் கோபமல்ல. எனக்குப் பயமாக இருக்கிறது. அதிகாரிகளுக்கு எழுதும் கடிதத்தின் முதல் பத்தியில் உணர்ச்சி தலைகாட்டக் கூடாது என்று கான்வென்ட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தலைகாட்டிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். இனி நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

2. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்ததால், ஒருவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் அடுத்தவரிடம் சேர்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆகவே இந்த மனுவில் பிறர் பேசியதாக வருபவை அவர்கள் பேசியபடியே இருக்கும். பேச்சு வழக்கில் இருப்பதை மரியாதைக் குறைவாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

3. முதலில் என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குச் சிறு வயதிலேயே தசைகள் வலுவிழக்கத் தொடங்கின. இப்போது முப்பத்தெட்டு வயது. வலது கையில் ஒரு விரல் அவன் சொன்னபடி கேட்கும். அந்த விரலால் ஒரு நாளிதழுக்குக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரித்துக் கொடுக்கிறான். சம்பாதிக்கிறான். யாரிடமும் இரக்கம் கேட்பவன் அல்ல. நான் இந்த மனுவை எழுதுவது தெரிந்ததும், “மா, என்னை ரொம்பப் பாவமா எழுதிடாத. பேப்பர்காரங்க கண்ணுல பட்டா, ஐயோ பாவம்னு லீவு கொடுத்துடுவாங்க” என்றான். ஆகவே பாவமாக எழுதவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவனால் இரும முடியாது. நாம் இருமினால் சளி வெளியே வரும். அவன் இருமினால் யாரோ பக்கத்து அறையில் காகிதத்தைக் கசக்குவதுபோல் ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். சளி உள்ளேயே நிற்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சாதாரண ஜலதோஷம் அவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கவைத்தது. தொண்டையில் குழாயுடன் அவன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவன் கோபித்துக்கொள்வான். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, “ஃப்ளூ மட்டும் வராம பாத்துக்குங்கம்மா. இன்னொரு தடவை இவ்வளவு தூரம் இழுத்துட்டு வர முடியுமான்னு எனக்குத் தெரியல” என்றார். அன்றிலிருந்து என் வேலை அது ஒன்றுதான்.

4. ஒவ்வோர் ஆண்டும் காய்ச்சல் பருவத்துக்கு முன்பாக எங்கள் குடியிருப்பின் பொது அறையில் தங்கள் அலுவலகம் முகாம் நடத்துகிறது. என் மகனுக்கு வீட்டுக்கே வந்து போடுகிறார்கள். அந்த உதவிக்கு நான் நன்றியுள்ளவள். இந்த ஆண்டு, முகாம் நாளின் காலையில் வண்டியை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்ததாம். ஆகவே முந்தைய நாள் மாலையிலேயே மருந்தைக் கொண்டுவந்து எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கொண்டுவந்த ஊழியர் சொன்னது ஒரே வரி: “சார், குளிர்லயே இருக்கட்டும்.”

5. எங்கள் செயலாளர் கீழ்த்தளத்தில் ஐஸ்கிரீம் கடை வைத்திருப்பவர். எல்லோருக்கும் அவர் ஐஸ்காரர். குளிர் என்று சொல்லிவிட்டுப் போனால் அவர் வேறு என்ன செய்வார், ஐயா? வீட்டுக் குளிர்பெட்டி அடிக்கடி திறக்கப்படும், மருந்துக்கு ஆகாது என்று யோசித்து, கடையின் ஐஸ்கிரீம் பெட்டியில் ஒரு பக்கத்தைக் காலி செய்து, மருந்தை அடுக்கி, மேலே துணி போட்டு மூடி, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். காலையில் புட்டிகள் கல்லாக இருந்தன. இவ்வளவு குளிர்ச்சியாகப் போட்டால் வயதானவர்களின் கை மரத்துவிடும் என்று அவர் மனைவி இரக்கப்பட்டு, ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி உள்ளங்கையில் உருட்டி இளக்கியிருக்கிறார். பிறகு ஊசி போடும் செவிலியர் வந்தபோது எல்லாம் நீர்மமாக, பார்க்க ஒழுங்காக, வரிசையாக மேசைமேல் இருந்தன. அவருக்குச் சந்தேகம் வர இடமில்லை. எனக்கும், என் மகனுக்கும், என் மகனைத் தூக்கி உட்காரவைக்கும் உதவியாளருக்கும், இந்தக் குடியிருப்பில் கை நீட்டிய அத்தனை பேருக்கும் அந்த மருந்துதான் போடப்பட்டது. ஐஸ்காரரும் அவர் மனைவியும் வரிசையில் முதலில் நின்றார்கள்.

6. இது எனக்கு எப்படித் தெரிந்தது என்று தாங்கள் கேட்பீர்கள். என் மகனுக்கு விழுங்க எளிது என்பதால் சனிக்கிழமைகளில் ஒரு கப் வெனிலா வாங்குவது வழக்கம். சென்ற சனிக்கிழமை கடைக்குப் போனபோது, கல்லாவுக்குப் பக்கத்தில் மரக்கரண்டிகள் போட்டுவைத்திருந்த அட்டைப் பெட்டி புதிதாக இருந்தது. அச்செழுத்தைக் கண்டால் படிக்காமல் விடமாட்டேன். அது தடுப்பூசி வந்த பெட்டி. பொடி எழுத்தில், இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் இடையே வைக்கவும், உறைய விடக் கூடாது, உறைந்திருந்தால் பயன்படுத்தாமல் அப்புறப்படுத்தவும் என்று போட்டிருந்தது. இதில் வந்த மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் பெருமையாக, “நம்ம பாக்ஸ்லதாம்மா! காலையில பாக்கணுமே, பாறை! கரண்ட் போனாக்கூட அசையாது, அப்படி வெச்சிருந்தேன்” என்றார். மனைவி உருட்டி இளக்கியதையும் அவரே சொன்னார். வாங்கிய கப் என் கையில் இருந்தது. கை குளிர்ந்ததா, உடம்பு குளிர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

7. பெட்டியில் இருந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கரண்டிகளை மேசைமேல் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியை என் கையில் கொடுத்தார். “பத்திரமா வெச்சேனேம்மா” என்றார். மறுபடியும் அதையே சொன்னார். இதை எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்க. எங்க வேணாலும் வந்து சொல்றேன். தம்பிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்றார். பெட்டியுடன் வீடு திரும்பினேன். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தாங்கள் விசாரிக்க வரும்போது அவரே முன்னால் வந்து நிற்பார். அவர்மீதோ, அந்த ஊழியர்மீதோ, செவிலியர்மீதோ நடவடிக்கை எடுக்கச் சொல்லி நான் இந்த மனுவை எழுதவில்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன். இதில் கெட்டவர் எவரும் இல்லை. கெட்டது மருந்து மட்டுமே.

8. திங்கட்கிழமை காலையில் பெட்டியுடன் தங்கள் அலுவலகத்தின் கீழ் இயங்கும் சுகாதார நிலையத்துக்குப் போனேன். பதிவேட்டைப் பார்க்கும் எழுத்தர் என் மகனின் வரியைக் கண்டுபிடித்துக் காட்டினார். “போட்டாச்சுன்னு ஏறிடுச்சும்மா. ஏறினதை இறக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல. ஒரு ஆளுக்கு ஒரு ஊசிதான்” என்றார். லிஃப்ட்டைப் பற்றிப் பேசுகிறாரோ என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. தனியாரிடம் வாங்கலாம் என்றால், எங்கள் குடும்ப மருத்துவரிடமும் மருந்துக் கடைகளிலும் இந்தப் பருவத்துச் சரக்கு தீர்ந்துவிட்டது. இனி எப்போது வரும் என்று எவருக்கும் தெரியவில்லை. மீதம் இருப்பது தங்கள் நிலையத்தின் குளிர்பெட்டியில்தான். கண்ணாடிக் கதவு வழியாக என் கண்ணால் பார்த்தேன்.

9. அங்கிருந்த மருத்துவ அலுவலர் ஓர் இளம் பெண். என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகவே பேசினார். அவர் சொன்னது: “ஆன்ட்டி, ஒழுங்கா வெச்ச ஃப்ளூ ஊசியே எல்லாருக்கும் பலிக்காது. கிருமி வருஷா வருஷம் மாறிக்கிட்டே இருக்கும். நல்லாப் பொருந்தின வருஷத்துலயே பாதிக்குப் பாதிதான். வயசானவங்களுக்கு அதைவிடக் குறைவு. அதனால ஒருவேளை உறைஞ்சே இருந்தாலும், இப்ப அதைப் பெருசாக்கி என்ன ஆகப்போகுது?”

10. இந்த இடத்தில்தான், ஐயா, தாங்கள் என் மனுவை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மருத்துவர் சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை. என் வயதில் ஊசி என்ன செய்யும், என்ன செய்யாது என்று எங்கள் குடும்ப மருத்துவரிடம் ஆண்டுதோறும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போட்டுக்கொள்கிறேன். அது பாதியளவே காக்கும், சில ஆண்டுகளில் அதற்கும் குறைவு. ஆனால் காய்ச்சலைத் தடுக்காதபோதும் அதன் கடுமையைக் குறைக்க வாய்ப்புண்டு, மருத்துவமனை வரை போகாமல் பலரை நிறுத்திவிடும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு அது ஒரு வாரப் படுக்கையா, மூன்று நாள் படுக்கையா என்ற வித்தியாசம். என் மகனுக்கு அந்த வித்தியாசம் வேறு. பாதிதான் காக்கும் என்பது, அந்தப் பாதியையும் எங்களிடமிருந்து எடுத்துவிட ஒரு காரணம் ஆகுமா? முழு வயிறு நிரம்பாது என்பதற்காகத் தட்டையே எடுத்துக்கொண்டு போவார்களா?

11. இதிலே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நல்ல ஊசி போட்டவருக்கும் சில சமயம் காய்ச்சல் வரும். கெட்ட ஊசி போட்டவருக்கும் வரும். ஒருவர் படுத்துவிட்டால், அவருக்குப் போட்டது நல்லதா கெட்டதா என்று அவரைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ஆகவே எங்கள் குடியிருப்பில் எத்தனை பேர் படுத்தாலும் தங்கள் நிலையத்தில் “ஊசின்னா அப்படித்தான்” என்றே சொல்வார்கள். ஊசி முழுமையாகக் காக்காது என்ற உண்மைக்குப் பின்னால் இந்தத் தவறு சௌகரியமாக ஒளிந்துகொள்ளும். யாரும் ஒளித்துவைக்க வேண்டியதில்லை, தானே ஒளிந்துகொள்ளும். அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

12. படுக்கவும் தொடங்கிவிட்டார்கள். மூன்றாம் தளத்துத் தையல்காரரும் அவர் மனைவியும் ஒரே நாளில் விழுந்தார்கள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவர் படிக்கட்டில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, “ஊசி போட்டவனுக்கும் காய்ச்சல், போடாதவனுக்கும் காய்ச்சல். நமக்குக் கை வலிச்சதுதான் மிச்சம். அடுத்த வருஷம் எவனாவது ஊசியைத் தூக்கிட்டு வரட்டும், கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டு வரேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் படியில் நின்றிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால் ஐஸ்காரர் கடையை இழுத்து மூட வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டு இந்தக் கட்டடத்தில் ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள். அப்போது என் மகனைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் காய்ச்சலுக்குத் திறந்த கதவுகளாக இருப்பார்கள். இதைத் தங்களைப் போன்ற ஓர் அதிகாரி எடுத்துச் சொன்னால் அது அறிவிப்பு. நான் சொன்னால் அது கோள்.

13. ஊசி போட்டு இரண்டு வாரம் கழிந்த பிறகு நான் கொஞ்சம் தைரியமாக நடந்துகொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதுவரை மூடியே வைத்திருந்த வாசல் கதவைத் திறந்தேன். என் மகனின் பழைய வகுப்புத் தோழர்கள் இருவரை வரச் சொன்னேன். ஒரு மாலை முழுக்க அவர்கள் அவனுடைய குறுக்கெழுத்துக் கட்டங்களைத் தப்புத் தப்பாக நிரப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மூக்கை உறிஞ்சியது இப்போதும் என் காதில் கேட்கிறது. அன்று எதுவும் ஆகவில்லை. ஆனால் இல்லாத பூட்டை நம்பிக் கதவைத் திறந்து வைத்திருந்தோம் என்பது உண்மை. இப்போது பூட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். கட்டடத்தில் மற்றவர்களுக்குத் தெரியாது.

14. ஆகவே நான் கேட்பது இவை. அந்த இரவு உறைந்த மருந்தைச் செல்லாததாகத் தாங்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பெட்டி என்னிடம் இருக்கிறது, சாட்சியும் இருக்கிறார். பதிவேட்டில் ஏறியதை இறக்கும் அதிகாரம் எழுத்தருக்கு இல்லை, தங்களுக்கு இருக்கிறது. எங்கள் எல்லோருக்கும் மறுபடியும் ஊசி போட வேண்டும். படுக்கையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள் முதலில். வந்து போடுபவர்கள், இந்த ஊசி இவ்வளவுதான் காக்கும், ஆனால் இவ்வளவு காக்கும் என்று இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் முட்டாள்கள் அல்லர். பாதி என்று சொன்னால் பாதி என்று புரிந்துகொள்வார்கள். முழுசு என்று நம்பவைத்த பிறகுதான் ஏமாந்ததாக நினைக்கிறார்கள். இனிமேல் மருந்தை முகாம் நடக்கும் காலையிலேயே கொண்டுவர வேண்டும். அது முடியாது என்றால், “உறையக் கூடாது” என்ற வரியை என்னைப் போன்றவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவுக்குப் பெரிதாக அச்சடியுங்கள்.

15. மேலே கண்டவற்றை நேற்றே எழுதி முடித்துவிட்டேன். இன்று காலை தபாலில் சேர்க்கலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் இந்தப் பத்தியைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

என் மகனைத் தினமும் காலையில் தூக்கி உட்காரவைத்து, முதுகைத் தட்டிச் சளியை இளக்கி, நாற்காலிக்கு மாற்றுபவர் ஒருவர் வருகிறார் என்று முன்பே குறிப்பிட்டேன். மருத்துவமனை வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் அவர் வார்டுக்காரர். என் மகனுக்கு அண்ணன். இன்று அவர் அழைப்பு மணியை அழுத்திவிட்டு, இரண்டு படி கீழே இறங்கி, முகத்தில் துணி கட்டி நின்றுகொண்டிருந்தார். “அம்மா, வீட்டுல சின்னவளுக்கு ரெண்டு நாளா நெருப்பாக் கொதிக்குது. ஃப்ளூதான்னு டெஸ்ட்ல வந்துடுச்சு. எனக்கு இன்னும் ஒண்ணும் இல்ல. ஆனா மறைச்சுட்டு உள்ள வர மனசு வரல. வரவா, திரும்பிடவா, நீங்களே சொல்லுங்க” என்றார்.

அவரைத் திருப்பி அனுப்பத்தான் வாயெடுத்தேன். வேறு ஆள் கிடைக்குமா என்று தெரிந்த இரண்டு இடங்களில் கேட்டேன். அங்கேயும் ஆட்கள் காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள். நானே தூக்கிப் பார்க்கிறேன் என்று என் மகனின் தோளுக்கு அடியில் கை கொடுத்தேன். அவனை ஒரு சாண்கூட நகர்த்த முடியவில்லை. என் மணிக்கட்டு மடங்கிவிட்டது. இரவு முழுவதும் ஒரே பக்கமாகப் படுத்திருந்தவன். நெஞ்சில் சளி கரகரக்கத் தொடங்கிவிட்டது. உட்காரவைக்காவிட்டால் அதுவே அவனுக்கு வினை. “விடும்மா, நீ விழுந்தா உன்னைத் தூக்க என் ஒரு விரல்தான் இருக்கு. அண்ணனை வரச் சொல்லு” என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். ஆனால் அவன் கண் கதவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு குழாயுடன் பார்த்த அதே பார்வை.

கதவைத் திறந்தேன், ஐயா.

வார்டுக்காரர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். புதிய துணியை இரண்டாக மடித்துக் கட்டினார். என் மகனுக்கும் கட்டினோம். அவனுக்கு மூச்சு வாங்குவதால் கொஞ்ச நேரத்தில் எடுக்க வேண்டியிருக்கும். சன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருக்கிறேன். குடும்ப மருத்துவருக்குச் சொல்லிவிட்டேன். உடம்பு சுட்டால் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார். நான் செய்யக்கூடியதை எல்லாம் செய்துவிட்டேன். இந்த வரியை எழுதும்போது அவர் என் மகனை மார்போடு சேர்த்தணைத்துத் தூக்குகிறார். வேறு விதமாக அவனைத் தூக்க முடியாது. அவன் கன்னம் அவர் தோளில் படுகிறது. இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு துணிதான் இருக்கிறது. அங்கே தாங்கள் அனுப்பிய மருந்தும் இருந்திருக்க வேண்டும். அவர் உடம்பில் பாதியளவு, இவன் உடம்பில் பாதியளவு. இருவரிடமும் இல்லை.

இன்று ஊசி போட்டாலும் உடம்பு தயாராக இரண்டு வாரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். இன்றைய காலைக்கு அது உதவாது. வார்டுக்காரர் நாளையும் வருவார், நாளை மறுநாளும் வருவார். காய்ச்சல் பருவம் முடிய இன்னும் நெடுநாள் இருக்கிறது. அந்த இரண்டு வாரம் எப்போது தொடங்குகிறது என்பது தங்கள் ஒரு கையெழுத்தில் இருக்கிறது. தபாலை நம்பாமல் இந்த மனுவை நானே நேரில் கொண்டுவருகிறேன். தங்கள் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். சத்தம் போட மாட்டேன். தாங்கள் படித்து முடித்ததும், மருந்துடன் ஒருவரை என்னோடு அனுப்பிவைத்தால் போதும். வழி நான் காட்டுவேன்.

கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்த ஒரு முறை, கெஞ்சுகிறேன்.

இடம்: என் மகனின் அறை
நாள்: வெள்ளிக்கிழமை, முற்பகல்

தங்கள் பதிலுக்காக வெளியே காத்திருக்கும்,
(ஒப்பம்)
முதல் தளம், ஏழாம் எண் வீட்டுக்காரி

இணைப்பு: தடுப்பூசி வந்த காலி அட்டைப் பெட்டி – ஒன்று.